தகட்டைக் கழற்றும் விதம்

ஹேர் டிரையர் ஒன்று இருந்தால் போதும். தலை காயவைக்க உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், அதுவே தாராளம். இந்த வேலைக்கென்று பெரிய சூடுகாற்றுத் துப்பாக்கி வாங்கி, வாங்கிய அன்றே ரேமையும் பொசுக்கி மேசை விரிப்பையும் பொசுக்கிவிட்டு, மறுநாள் என் கடை வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும், இன்ஸ்பெக்டர். நீங்கள் கேட்டது கையெழுத்து. "ரேம் மேலிருந்த வெப்பத் தகட்டைக் கழற்றும்போது என் கை தவறி, சிப் ஒன்றில் விரிசல் விழுந்துவிட்டது; கவனக்குறைவால் அதை நான் பார்க்கவில்லை" என்று உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். அதன் கீழே கையெழுத்துப் போட்டால் இன்று சாயங்காலமே நான் வீட்டுக்குப் போகலாம். என் தங்கையின் கணவர்மேல் நீங்கள் போட்ட வழக்கும் போய்விடும். ஆஸ்பத்திரியில் இறந்துபோன பெரியவரின் குடும்பத்துக்கும் ஒரு பதில் கிடைத்துவிடும். எல்லாருக்கும் நல்லது என்கிறீர்கள். நீங்கள் நல்லவர். எனக்குத் தேநீர்கூட வாங்கித் தந்தீர்கள். பாதி தட்டில் சிந்திவிட்டது; உங்கள் மேசைக்கு ஒரு கால் குட்டை.

ஆனால் அந்தத் தாளில் இருப்பது பொய். அதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். உண்மை எதுவோ அதைச் சொல்கிறேன், அதன் கீழே போடுகிறேன். அதற்கு முதலில் தகட்டை எப்படிக் கழற்ற வேண்டும் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். எழுத்தரைக் கொஞ்சம் நிதானமாகத் தட்டச் சொல்லுங்கள். அவர் குத்துகிற குத்தைப் பார்த்தால் எனக்கு அந்த விசைப்பலகைமேல் பரிதாபமாக இருக்கிறது.

ரேம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் தலையாட்டுவீர்கள், எல்லாரும் அப்படித்தான். ஒரு சாண்கூட நீளமில்லாத பச்சைப் பலகை, அதன்மேல் வரிசையாகக் கறுப்புச் சிப்புகள். கணினி இந்த நிமிடம் எதை நினைத்துக்கொண்டிருக்கிறதோ அது அங்கேதான் இருக்கும். சில கம்பெனிக்காரர்கள் பலகையின் இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டி விற்பார்கள். சூட்டைப் பரப்பிவிடுமாம். சிவப்பு, நீலம், மேலே பாய்கிற சிறுத்தைப் படம். பாதி பகட்டு. அதைக் கழற்ற வேண்டிய தேவை எப்போதாவதுதான் வரும். கணினிப் பெட்டி ஒல்லியாக இருந்து, தகடு உயரமாக இருந்து, மூடி மூடவில்லை என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் அவசரக் குடுக்கைகள் மாட்டிக்கொள்வார்கள். தகடு சிப்போடு பசையால் ஒட்டியிருக்கிறது. சிப் பலகையோடு ஈயத்தால் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு சிப்புக்கு அடியிலும் கடுகைவிடச் சின்ன ஈய உருண்டைகள். பசைக்கு வலு அதிகம், ஈயத்துக்குக் குறைவு. எனவே இழுத்தால் தகடு மட்டும் வராது, சிப்பையும் கையோடு பெயர்த்துக்கொண்டு வரும். முதலில் தகட்டைக் கவ்வியிருக்கும் கொக்கிகளை நெகிழ்த்த வேண்டும். பிறகு டிரையரால் சூடு காட்ட வேண்டும். புறங்கையை வைத்தால் எடுக்கத் தோன்ற வேண்டும், ஆனால் அலறத் தோன்றக்கூடாது. அந்தப் பதத்தில் பசை இளகும். பல் இடுக்கைச் சுத்தம் செய்ய மெழுகு பூசிய நூல் விற்கிறார்கள் அல்லவா, அதை ஓர் ஓரத்தில் நுழைத்து, அறுப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டே போக வேண்டும். தூக்கக்கூடாது. திருகக்கூடாது. தகடு தானாகக் கையில் விழும். கடைசியில் பலகையில் மிச்சமிருக்கும் பசையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ஓரத்தில் தங்க நிறத்தில் பல் வரிசை இருக்கும். அதிலிருந்து விலகி, மேல்நோக்கி, ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்க்கிறவன் பாத்திரம் கழுவப் போகலாம்.

எனக்கு இந்தத் தெருவில் நூல்காரர் என்று பேர். அது கேலிக்கு வைத்த பேர் என்று சிலர் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இழுத்ததில் சிப் முழுதாகப் பிய்ந்து வந்தால் அது நல்லது. கணினி எழுந்திருக்காது, விஷயம் அங்கேயே முடிந்தது. மூலையில் மட்டும் விரிசல் விட்டால்தான் வம்பு. குளிர்ந்திருக்கும்போது விரிந்த உருண்டையின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். சோதித்துப் பார்த்தால் தேறிவிடும். பெட்டிக்குள் போய்ச் சூடேறியதும் விரிசல் வாய் திறக்கும். அப்போது கணினி நினைத்துக்கொண்டிருந்ததை மறந்து, அப்படியே உறைந்து நிற்கும்.

இப்போது மாப்பிள்ளைக்கு வருகிறேன். என் தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகு கடையில் வந்து உட்கார்ந்தவர். வாடிக்கையாளர்கள் அவரை மின்னல் என்பார்கள், ஏதோ பெரிய பட்டம் கொடுத்ததுபோல. எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்வார். திருகாணி ஒன்று மிஞ்சினால் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஆனால் வாய் இருக்கிறது. "உக்காருங்கண்ணே, அஞ்சு நிமிஷம்" என்பார், அஞ்சு நிமிடத்தில் கொடுத்தும் விடுவார், அதுவும் ஓடும். எனக்காகக் காத்திருந்தவர்கள்கூட மெல்ல நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட ஆரம்பித்தார்கள். ரேம் தகட்டுக்குச் சட்டை என்று பேர் வைத்தவரும் அவர்தான். "சட்டையைக் கழட்டிரலாமா?" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். இத்தனை காலம் நான் ஒரு வேலையை மரியாதையாகச் செய்துவந்தேன். அது அவருக்கு ஒரு நகைச்சுவை.

தங்கை கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். அவளும் சிரிப்பாள். எனக்குத் தேநீர் வந்தால் மட்டும் பெரிய டம்ளரில் பாதியளவு ஊற்றித் தருவாள். கல்யாணத்துக்குப் பிறகு சிக்கனம் கற்றுக்கொண்டாள் போல.

ஆஸ்பத்திரி வேலை மாப்பிள்ளை பிடித்துவந்தது. நாலைந்து தெரு தள்ளி இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி. அங்கே நெஞ்சுவலிக்காரர்களைப் படுக்கவைக்கும் வார்டில் நர்ஸ் மேசையில் ஒரு கணினி உண்டு. எல்லாப் படுக்கைகளின் இதயத் துடிப்பும் அதன் திரையில் ஓடும். எங்காவது தவறினால் அது சத்தம் போடும். படுக்கையருகில் இருக்கும் பெட்டிகளுக்குத் தனியாகச் சத்தம் கிடையாது. அந்தக் கணினி மந்தமாக இருக்கிறது, ரேம் மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். கடையில் இருந்தவை இரண்டும் தகடு போட்ட ரேம். கணினியோ ஒல்லிப் பெட்டி. கழற்றியாக வேண்டும்.

நான் டிரையரை எடுத்துச் சூடு காட்ட ஆரம்பித்தேன். அன்றைக்கு வாங்கியிருந்த நூல் தடித்த நூல், இடுக்கில் நுழைய மறுத்தது. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்தேன். மாப்பிள்ளை அருகில் வந்து நின்று பார்த்தார். பிறகு என் கையிலிருந்து ரேமை வாங்கிக்கொண்டார்.

"நீங்க இருங்க மச்சான். நான் பாத்துக்கறேன்."

"சூடு போதாது, மாப்பிள்ளை. இழுத்தீங்கன்னா சிப் வந்துரும்."

"வராது மச்சான். வந்தா என் தலையெழுத்து."

இரண்டு கட்டைவிரலையும் தகட்டில் கொடுத்து, புட்டி மூடியைத் திறப்பதுபோல ஒரு நெம்பு. டப் என்று சத்தம் வந்தது. தகடு கழன்றது. அடுத்ததையும் அதேபோல. "பாத்தீங்களா, சட்டை கழண்டுருச்சு" என்றார். கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு சிப்கூட அசையவில்லை. சோதனைக் கணினியில் மாட்டி ஓடவிட்டேன். பிழை வரும் என்று எதிரில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு பிழைகூட வரவில்லை.

அப்படிக் காத்து உட்கார்ந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு நெஞ்சு எரிந்தது. இழுத்தால் உடையும் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிவந்திருக்கிறேன். அதற்காகவே சூடு காட்டினேன், நூல் இழுத்தேன், தின்கிற நேரத்தையும் தூங்குகிற நேரத்தையும் கொடுத்தேன். இவர் இழுத்தார், உடையவில்லை. முன்பும் இழுத்திருக்கிறார், முன்பும் உடைந்ததில்லை. அப்படியென்றால் நான் இவ்வளவு நாள் செய்தது என்ன? நீங்கள் சட்டத்தைக் காப்பாற்றுகிறவர், உங்களுக்குப் புரியும். தப்பு செய்தவனுக்குத் தண்டனை வராவிட்டால் தப்பு செய்யாதவன் முட்டாள் ஆகிறான்.

மத்தியானம் இருவரும் சாப்பிடப் போனார்கள். நான் பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். கடையில் யாருமில்லை. மாப்பிள்ளை கழற்றிய ரேம் இரண்டும் மேசையில் கிடந்தன, பசை அப்பிக்கொண்டு, பார்க்கவே அருவருப்பாக. ஒன்றை எடுத்தேன். ஓரத்துச் சிப்பின் மூலையில் மெல்லிய திருப்புளியின் நுனியைக் கொடுத்துத் தூக்கினேன். எவ்வளவு தூக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதிகம் தூக்கினால் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும், குறைவாகத் தூக்கினால் ஒன்றும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடம் உண்டு. அங்கே நிறுத்தினேன். திரும்பச் சோதித்தேன், தேறியது. அவர் இழுத்ததால் எது நடந்திருக்க வேண்டுமோ, அதைத்தான் நான் நடத்திவைத்தேன்.

இதற்கு மேல் ஒன்று செய்திருக்கிறேன், அது எனக்கே தெரியாது. மாப்பிள்ளை வந்து ரேம்களை உறையில் போடும்போதுதான் தெரிந்தது.

"மச்சான், ஒண்ணைத் துடைச்சு வச்சிருக்கீங்க போல. பளபளன்னு இருக்கு. நன்றி மச்சான். இன்னொண்ணு?"

"நேரமில்லை" என்றேன்.

திருப்புளியைக் கீழே வைத்த கை, பழக்கத்தில் ஸ்பிரிட் துணியை எடுத்துத் துடைத்திருக்கிறது. கெடுப்பதற்கென்று எடுத்த ரேமைக்கூட அழுக்காக விட்டுவைக்க என்னால் முடியவில்லை. அன்று சாயங்காலம் அவர் அதைக் கொண்டுபோய் வார்டில் மாட்டினார். ஓடுகிறது என்று கைகொடுத்துவிட்டு வந்தார்.

எப்போதாவது, சில வாரங்கள் கழித்து, அந்தக் கணினி ஒரு தடவை உறைந்து நிற்கும்; ஆஸ்பத்திரிக்காரர்கள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்கள்; அவர் என்னிடம் வந்து தலையைச் சொறிவார்; இதுதான் என் கணக்கு. விரிசலை அந்த அளவுக்குத்தான் வைத்திருந்தேன். மறுநாளே வாய் திறந்துவிட்டது. வார்டு எதிர்பார்த்ததைவிடப் புழுக்கம். ஜன்னல் எல்லாம் மூடிவைத்திருந்தார்கள்.

மறுநாள் நான் அங்கே இருந்ததைப் பற்றி நீங்கள் இதுவரை கேட்கவில்லை. நர்ஸ் மேசையிலேயே ஒரு பிரிண்டர், அதன் ரோலர் தேய்ந்துபோய்த் தாளைக் கவ்வவில்லை என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாத வேலை. நானாக ரோலரை எடுத்துக்கொண்டு போனேன். கணினி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

மேசைக்கு அடுத்த படுக்கையில் அந்தப் பெரியவர் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சுத்துணைக்கு அலைகிறவர்.

"தம்பி, அந்தப் பெட்டியையா பாக்கறீங்க?"

"இல்லீங்க ஐயா, பிரிண்டர்."

"பெட்டி நல்லா இருக்கா? தூங்கிராதே? என்ன மாதிரி இல்லையே? நான் வேலையில இருந்தவரைக்கும் கம்பியைப் பிடிச்சு நின்னுகிட்டே தூங்கினவன்."

"தூங்காதுங்க."

"நான் விசில் ஊதினாத்தான் வண்டி நகரும். எத்தனை பேருக்கு ஊதியிருப்பேன். இப்போ எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பெட்டி ஊதணுமாம். நர்ஸம்மா சொல்றாங்க. அதுக்கு டிக்கெட் வேற எடுத்து வச்சிருக்கா என் பொண்ணு" என்று மாத்திரைச் சீட்டைக் காட்டினார். அவர் சிரித்தார், நர்ஸும் சிரித்தார். எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. கொஞ்சம் கழித்துக் கண்ணை அசத்துகிறது என்றார். நர்ஸ் தடுப்புத் துணியை இழுத்துவிட்டு, கோடியில் இருந்த படுக்கைக்கு ஊசி போடப் போனார்.

நான் பிரிண்டரைத் திறந்தேன். ரோலர் ஒரு தடவை கையிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் ஓடியது, வழுக்குகிற ரப்பர். குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது திரையைப் பார்த்தேன். பெரியவரின் கட்டத்தில் எழுபத்தெட்டு என்று இருந்தது. ரோலரை மாட்டினேன். திரும்பப் பார்த்தேன். எழுபத்தெட்டு. உயிருள்ள நெஞ்சு ஒரே எண்ணில் நிற்காது. எழுபத்தேழு என்னும், எண்பது என்னும், சும்மா இருக்காது. எல்லாக் கட்டங்களும் அப்படியே நின்றன. திரையின் மூலையில் கடிகாரம் இருந்தது. அதுவும் நின்றிருந்தது.

என் விரிசல் வேலை செய்துவிட்டது என்று புரிந்தது. உண்மையைச் சொல்வதென்றால் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்.

இரண்டாவதாக வந்த எண்ணத்தைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நர்ஸைக் கூப்பிட்டு, திரை நின்றுவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. அவர் ஓடிவந்திருப்பார், கணினியை அணைத்துப் போட்டிருப்பார், குளிர்ந்ததும் அது எழுந்திருக்கும். "கணினின்னா அப்பப்போ நிக்கத்தானே செய்யும்" என்றிருப்பார்கள். மாப்பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன் என்று எனக்கு ஒரு தேநீர்கூடக் கிடைத்திருக்கும். கோளாறு என்றால் அதை அவர்களாகவே பார்க்க வேண்டும். பார்த்துப் பதற வேண்டும். அப்போதுதான் அது யார் கைவேலை என்று கேட்பார்கள்.

தடுப்புத் துணிக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. கட்டில் கம்பியில் மோதிரம் தட்டுகிற மாதிரி இரண்டு மூன்று தடவை. நான் ரோலரைக் கழற்றினேன். மறுபடியும் மாட்டினேன். மறுபடியும் கழற்றித் துடைத்து மாட்டினேன். சத்தம் நின்றுவிட்டது. நர்ஸ் திரும்பி வந்தார், திரையைப் பார்த்தார், எழுபத்தெட்டைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்தார். அவர் கையில் கடிகாரம் கட்டியிருந்தார். திரையில் உள்ள கடிகாரத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. மக்கள் எதையும் பார்ப்பதில்லை, நான் எப்போதும் சொல்வது இதுதான்.

"பிரிண்டர் ஆச்சா சார்?"

"ஆச்சு. ஒரு தாள் போட்டுப் பாருங்க."

கணினி நின்றிருந்ததால் தாள் வரவில்லை. அப்போதுதான் அவர் மவுஸை அசைத்துப் பார்த்தார், விசையைத் தட்டிப் பார்த்தார். பிறகு துணியை விலக்கினார். நான் பையை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றேன், ஓடிவருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று. மாடிப்படியில் ஒரு பெண் பழச்சாறு வாங்கிக்கொண்டு ஏறிவந்தாள். அவர் மகளாக இருக்கலாம். வழி விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். வேலையில் அலட்சியம், ஓர் உயிர் போயிற்று என்று தெருவெல்லாம் பேசினார்கள். மின்னல் என்று பேர் வைத்தவர்களே முகத்தைச் சுளித்தார்கள். வாடிக்கையாளர்கள் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்கள். "நீங்கதான் அப்பவே சொன்னீங்களே நூல்காரரே" என்றார் ஒருவர். தங்கை அழுதுகொண்டிருந்தாள். நான் அந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். உலகம் ஒழுங்காக நடக்கிறது என்று ரொம்ப நாளைக்குப் பிறகு தோன்றியது.

கெடுத்தது உங்கள் ஆய்வகப் பெண். இந்த விவகாரத்தில் நான் மதிக்கிற ஒரே ஆள் அவர்தான். இரண்டு ரேமையும் கண்ணாடி உறையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார்.

"ஒண்ணுல பசை அப்பியிருக்கு. இன்னொண்ணு, விரிசல் விட்டது, கண்ணாடி மாதிரி இருக்கு. கீழேருந்து மேல, ஒரே பக்கமா துடைச்சிருக்காங்க. இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல. உங்க கடையில யாருங்க இப்படித் துடைக்கறது?"

"நான்தான்" என்றேன்.

வாய்தவறி வரவில்லை. தெரிந்துதான் சொன்னேன். இத்தனை காலத்தில் நான் துடைக்கிற திசையை ஒரு மனிதர் கவனித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. வேறொருவர் பேரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு அவர் ஒரு நூலையும் ரேமையும் கொடுத்து, கழற்றிக் காட்டச் சொன்னார். பத்துப்பேர் சுற்றி நின்று முறைத்தால் யாருக்கும் நூல் இடுக்கில் நுழையாது. அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களிடம் வந்து, தகட்டைக் கழற்றியவர் இவர்தான், கை நடுங்கி மூலை நெம்பியிருக்கிறது, கண்ணும் சரியாகத் தெரியாமல் துடைத்து வைத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். நல்ல கண், தப்பான முடிவு. நீங்களும் அதை அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். "வயசு ஆகுதில்லையா, விடுங்க" என்று என் தோளைத் தட்டினீர்கள். அந்தத் தட்டலை நான் மன்னிக்கவில்லை.

இன்று காலை தங்கையை என்னைப் பார்க்க அனுமதித்தீர்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, கை தவறிடுச்சுன்னு சொல்லிடுங்க. ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துரலாம்."

"என் கை தவறாது."

"எல்லாருக்கும் தெரியும்ணா. உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. ரெண்டு வருஷமா உங்க கை நடுங்கி…" என்று நிறுத்தினாள். பிறகு நிறுத்தாமல் சொன்னாள். "நீங்க உடைச்ச ரேமையெல்லாம் அவர்தான் ராத்திரியோட ராத்திரியா மாத்தி வச்சார். அண்ணனுக்குத் தெரியக்கூடாதுன்னார். அன்னைக்கு உங்க கையிலேருந்து வாங்கினதும் அதுக்குத்தான். நாலு பேர் முன்னாடி நீங்க நூலைக் கோக்க முடியாம நின்னதைப் பாத்துட்டு, எல்லாரும் தன்னைப் பாத்துச் சிரிக்கட்டும்னு அப்படி இழுத்தார். அந்தத் துடைச்ச ரேமை நீங்க தொட்டீங்கன்னு அவருக்குத் தெரியும். இங்க ஒரு வார்த்தை சொன்னாரா?"

பயந்துபோனால் என் தங்கை சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் எதையாவது கட்டிச் சொல்வாள். மாப்பிள்ளை சொல்லவில்லை என்றால் மறந்திருப்பார். திருகாணியை மறக்கிறவர் இதை மட்டும் ஞாபகம் வைத்திருப்பாரா? அவருக்கு என்னைக் காப்பாற்றும் யோக்கியதை எங்கிருந்து வரும்? நடுக்கம் என்று அவள் சொன்னது காலையில் குளிர் என்பதால். இந்த அறையும் குளிர்தான். எழுத்தர் சற்று முன் ஓர் அட்டையை மடித்து மேசைக்காலுக்குக் கீழே வைத்தார். நன்றி. இன்னும் ஆடுகிறது.

இப்போது அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நான் சொல்வதை எழுதச் சொல்லுங்கள். என் கை தவறவில்லை. சிப்பின் மூலையைத் தெரிந்தே தூக்கினேன், தேவையான அளவுக்கு, அதற்கு ஒரு மயிரிழைகூட மேலே போகாமல். அது யார் நெஞ்சைக் காவல் காக்கிற கணினிக்குள் போகிறது என்று தெரிந்தே போகவிட்டேன். திரை நின்றதைப் பார்த்தேன். கட்டில் கம்பியில் அந்தப் பெரியவர் தட்டியதைக் கேட்டேன். கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார், தெரிந்தே கூப்பிடவில்லை. அவரைக் கொன்றது நான். இதில் நர்ஸுக்கும் மாப்பிள்ளைக்கும் பங்கில்லை. இவ்வளவு கவனமான வேலை அவர்களால் ஆகாது. கவனக்குறைவு என்ற சொல் என் பேருக்குப் பக்கத்தில் எங்கேயும் இருக்கக்கூடாது.

என்ன தண்டனை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். சட்டப் புத்தகத்தை நானும் பார்த்தேன். கொலைகாரன் என்று எழுதுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கை நடுங்கினவன் என்று எழுதாதீர்கள்.

பேனாவைக் கொடுங்கள். எங்கே, இந்தக் கோட்டின் மேலா? போட்டுவிட்டேன். ஏன் அதையே உற்றுப் பார்க்கிறீர்கள்? எழுத்து கோட்டைவிட்டு இறங்கி, அங்கங்கே உடைந்துதான் விழுந்திருக்கிறது. நான் முதலிலேயே சொன்னேன், உங்கள் மேசை ஆடுகிறது.